ஆளுக்கு ஐந்து பவுண்டு

லைல் ஹக்கலா விமானம் ஓட்டுகிறவன். இதைப் படித்ததும் உங்கள் மனதில் அவன்மேல் ஒரு மரியாதை வந்திருக்கும். வந்தது வந்ததாகவே இருக்கட்டும். அவனிடம் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் பெட்ரோல் பங்கில் நீட்டி ஐந்து டாலருக்குப் போடச் சொல்வான்.

வயது இருபத்தேழு. ஒல்லி. தோளில் மூன்று தங்கப் பட்டை. நார்த் லேக்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனியில் துணை விமானி. ஐம்பது பேர் உட்காரும் அந்த விமானத்தின் வாலில் ஒரு பெரிய கம்பெனியின் சின்னம் இருக்கும். டிக்கெட்டிலும் பெரிய கம்பெனியின் பெயர்தான். சம்பளச் சீட்டில் மட்டும் சின்னக் கம்பெனி. முதல் வருஷத்துக்காரனுக்கு மணிக்குப் பத்தொன்பது டாலர். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற மணி அல்ல அது. விமானத்தின் கதவைச் சாத்தியதும் பிறக்கும், திறந்ததும் செத்துவிடும். நடுவில் விமான நிலையங்களில் உட்காருவது, பனி விலகக் காத்திருப்பது, விமானத்தைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் அவனுடைய சொந்த ஆர்வம் என்பது கம்பெனியின் அபிப்பிராயம்.

இந்த இடத்துக்கு வருவதற்கு அவன் எழுபதாயிரம் டாலர் கடன் வாங்கிப் படித்தான். பிறகு இரண்டு வருஷம் மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கோடைகாலத்தில் டுலூத் ஏரிக்கரை மேலே ஒரு பீட்சா கடையின் விளம்பரத் துணியை விமானத்தின் வாலில் கட்டி இழுத்தான். பாதிக் கூலியைக் கடைக்காரர் பீட்சாவாகவே கொடுத்தார். அவன் வாழ்க்கையில் வேலை நேரத்தில் வயிறு நிறைந்திருந்தது அந்த ஒரு கோடையில்தான்.

அவனுடைய அப்பா டோய்வோ ஹக்கலா, வடக்கே இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார். இருநூற்று நாற்பது டன் லாரி, டயரே இரண்டு ஆள் உயரம். மகனைப் போல மூன்று மடங்கு சம்பளம், ஓவர்டைம் தனி. மகன் முதன்முதலாகச் சீருடை போட்டுக்கொண்டு போய் நின்றபோது மேலும் கீழும் பார்த்தார்.

"என் வண்டி தரையை விட்டுக் கிளம்பாது. அதான் சம்பளம் குடுக்கறாங்க. நீ ஜாலியா மேல சுத்தறே, அதுக்கு எவன் காசு குடுப்பான்?"

"அப்பா, அம்பது பேரு உசிரு என் கையில இருக்கு."

"அம்பது பேரையும் கூட்டிட்டு வந்து என் வண்டியில கொட்டு. பாதி தொட்டிகூட ரொம்பாது."

அந்த வீட்டில் அப்பாவின் பேச்சுக்கு மேல் பேசினால் அவர் இன்னொன்று வைத்திருப்பார்.

மனைவி ரெனே ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். வாடகையும் மருத்துவக் காப்பீடும் அவள் சம்பளத்தில். லைலின் சம்பளம் படிப்புக் கடனைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் அவனுக்கு முடி வெட்டிவிடும். மகள் சிக்னிக்கு நான்கு வயது. அவர்கள் இருப்பது டுலூத்தில். வேலைக்குச் சேர்ந்தபோது மினியாபொலிஸில் பணி என்றார்கள். இரண்டரை மணி நேரக் கார் பயணம், சமாளிக்கலாம் என்று நினைத்தான். மூன்றே மாதத்தில் அந்த நிலையத்தை மூடி எல்லோரையும் சிக்காகோவுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து வேலைக்குப் போவதற்கே அவனுக்கு ஒரு விமானம் வேண்டியிருந்தது.

அதற்கு வழி இருக்கிறது. காக்பிட்டில் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் ஒரு மடக்கு இருக்கை உண்டு. வேலைக்குப் போகிற விமானி அதில் இலவசமாக உட்கார்ந்து போகலாம். ஆனால் அது உரிமை இல்லை, தயவு. கேப்டனை நேரில் பார்த்து, கைகுலுக்கி, "கூட வரலாமா?" என்று கேட்க வேண்டும். அவர் சரி என்றாலும் எடை இடம் கொடுக்க வேண்டும். காசு கொடுத்த பயணி, காசு கொடுத்த பெட்டி, விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெய், தபால் மூட்டை என எல்லாவற்றுக்கும் பிறகுதான் சக விமானி. போன மார்ச்சில் ஒரு நாள் அவனை இறக்கிவிட்டு அந்த எடையில் உயிருள்ள மீன்குஞ்சுகளை ஏற்றினார்கள். அவற்றுக்கு டிக்கெட் இருந்தது.

அந்த மீன்குஞ்சு தினத்தில் அவன் சிக்காகோ போய்ச் சேரவில்லை. பெயருக்கு எதிரே முதல் கறுப்புப் புள்ளி. ஜூலையில் காய்ச்சல், ஃபோனில் சொன்னான், டாக்டர் சீட்டைத் தாமதமாக அனுப்பினான். இரண்டாவது புள்ளி. முதல் வருஷம் தகுதிகாண் காலம். மூன்றாவது புள்ளி விழுந்தால் விசாரணை கிடையாது, காரணம் கிடையாது, அழகாக டைப் அடித்த ராஜிநாமா கடிதத்தை நீட்டுவார்கள், கையெழுத்துதான் நம் பங்கு. வருஷம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

இந்த நிலைமையில்தான் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி வந்தது.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அவன் சிக்காகோவில் ஸ்டாண்ட்பையாக, அதாவது வராத விமானிக்குப் பதில் பறக்கத் தயாராக, ஆஜராக வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி சாயங்கால விமானத்தில் இடம் தாராளமாக இருந்தது. புத்தியுள்ளவன் அதிலேயே போயிருப்பான். போனால் இரவு தங்குவதற்கு சிக்காகோவில் ஒரு வீட்டின் நிலவறை இருந்தது. எட்டுக் கட்டில், பதினெட்டுப் பேர். யார் ஊரில் இல்லையோ அவர் கட்டில் உங்களுக்கு, தலையணை உறை மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். ஆனால் அன்று ஹாலோவீன். சிக்னி வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கப் போகிறாள், அப்பா கூட வர வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தாள். முந்தின வருஷம் இதே நாளில் பயிற்சி வகுப்பில் இருந்தான்.

அவன் விமான நிலையத்துக்கு ஃபோன் செய்தான். எடுத்தது பெவ் லுண்டீன். டுலூத்தில் நார்த் லேக்ஸ் என்றால் பெவ்தான். டிக்கெட் கிழிப்பது, பெட்டி ஏற்றுவது, விமானத்தின் இறக்கையில் படியும் பனியை மருந்தடித்து உருக்குவது எல்லாம் அவள்.

"பெவ், நாளைக்குக் காலைல எத்தனை பேரு?"

"நாப்பத்தாறு. பெட்டிங்க வழக்கம்போல. ஆனா சிக்காகோல பனிமூட்டம்னு சொல்றான் கண்ணா. இறங்க விடாம மேலயே சுத்தவிடுவான்னு எண்ணெய் நிறைய ஊத்துவாங்க."

லைல் சமையலறை மேஜையில் ஒரு தாளை எடுத்து எடைக் கணக்குப் போட்டான். எண்ணெய்க்கு அதிகமாகவே வைத்தான். தன்னையும் தன் பெட்டியையும் சேர்த்தான். அதற்குப் பிறகும் இருநூற்றுப் பதினைந்து பவுண்டு மிச்சம் இருந்தது. இன்னொரு ஆளையே ஏற்றலாம். நிம்மதியாகத் தாளை மடித்து வைத்துவிட்டு மகளோடு கிளம்பினான்.

சிக்னி ஓர் அட்டைப் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் பெயின்ட், பக்கத்துக்கு இரண்டு கறுப்பு வட்டம்.

"ஏம்மா, உங்கப்பா பைலட்டுதானே? விமானமா வந்திருக்கலாமே?" என்று முதல் வீட்டு அம்மாள் கேட்டாள்.

"தாத்தா வண்டிதான் பெரிசு" என்றாள் சிக்னி.

ஊர் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு போனாள். லைல் பின்னால் மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். சந்தோஷமாகத்தான் இருந்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பெவ்வின் கவுண்டரில் போய் நின்றான். சீருடை, மேலே கறுப்பு ஓவர்கோட், கையில் சக்கரப் பெட்டி. அவள் கணினியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் கணினியைப் பார்த்தாள்.

"நீ ஏற முடியாது கண்ணா. இருபது பவுண்டு கூட இருக்கு."

"என்ன விளையாடறியா? எனக்கே இருநூத்திப் பதினஞ்சு மிச்சம் இருந்துச்சு."

"இன்னிக்கு என்ன தேதி?"

லைலுக்குப் புரிந்துவிட்டது.

மற்றவர்களுக்கு விளக்கிவிடுகிறேன். பயணிகளை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்ற முடியாது. ஏற்றினால் மறுபடி வர மாட்டார்கள். அதனால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி. மே மாதத்திலிருந்து அக்டோபர் கடைசி வரை ஆளுக்கு நூற்றுத் தொண்ணூறு பவுண்டு. நவம்பர் முதல் தேதியிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றைந்து. குளிர்காலம், கோட்டு போட்டிருப்பார்கள், அந்த ஐந்து பவுண்டு கோட்டுக்கு. அக்டோபர் முப்பத்தொன்று இரவு படுக்கப் போன நாடு, ஒன்றும் சாப்பிடாமலே ஆளுக்கு ஐந்து பவுண்டு ஏறி எழுந்திருக்கிறது. பரீட்சையில் இதைக் கேட்டால் லைல் தூக்கத்தில் சொல்லுவான். சமையலறை மேஜையில் அக்டோபர் மாதத்தில் உட்கார்ந்துகொண்டு நவம்பர் மாத விமானத்துக்கு அவன் கணக்குப் போட்டிருந்தான். நாற்பத்தாறு பயணிகள், அவனோடு நாற்பத்தேழு. ஐந்தைந்தாக இருநூற்று முப்பத்தைந்து.

"யாரும் கோட்டே போடலியே பெவ்" என்றான். உண்மைதான். அன்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் ஒருவர் அரை டிரவுசரில் நின்றார்.

"நீ மட்டும் என்ன, நூத்தம்பது இருப்பியா? எலும்பும் தோலுமா நிக்கறே. ஆனா இங்க நீ நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

கம்பெனி அவனுக்கு ஒரு வேளைகூடச் சோறு போட்டதில்லை. காகிதத்தில் மட்டும் நாற்பத்தைந்து பவுண்டு கொழுக்க வைத்திருந்தது.

அடுத்த விமானம் மூன்று மணிக்கு. காரில் போனால் எட்டு மணி நேரம். லைலுக்கு, ரெனேயிடம் என்ன சொல்வது என்பதல்ல, அப்பா என்ன சொல்வார் என்பதுதான் முதலில் தோன்றியது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்றைய கேப்டன் கொரீன் வாசெக் எடைக் கணக்குக் காகிதத்தை வாங்கிப் போகக் கவுண்டருக்கு வந்தாள். நாற்பத்து நான்கு வயது, சிரிக்காமல் பேசுகிற பெண். லைல் முறைப்படி கைகுலுக்கினான்.

"லைல் ஹக்கலா. சிக்காகோ வரைக்கும் உங்க கூட வரலாமான்னு கேக்க வந்தேன் கேப்டன். ஆனா இருபது பவுண்டு இடிக்குது."

"எண்ணெய்ல கை வைக்கச் சொல்லாதே. அங்க மூடுபனி, ஒரு சொட்டுக்கூடக் குறைக்க மாட்டேன்."

"கேக்கல."

"எத்தனையாவது மாசம்?"

"பன்னெண்டு."

"எத்தனை புள்ளி?"

"ரெண்டு."

அந்தப் பதில்களை அவளும் ஒரு காலத்தில் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். காகிதத்தை பெவ்விடம் திருப்பி நீட்டினாள்.

"இவன் பெட்டிக்கு எவ்வளவு போட்டிருக்கே?"

"விமானி பெட்டி. முப்பது. உள்ள பஞ்சு இருந்தாலும் முப்பது, பாறாங்கல்லு இருந்தாலும் முப்பது."

மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"என்னடா வச்சிருக்கே உள்ள?" என்றாள் கேப்டன்.

"நாலு நாள் சாப்பாடு. ரெனே பேஸ்டி சுட்டு, கல்லா உறைய வச்சுக் குடுத்திருக்கா. எட்டு. அப்புறம் ஒரு சட்டை, சாக்ஸு."

பேஸ்டி என்றால் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட, ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு கனக்கிற வஸ்து. அவன் அப்பா சுரங்கத்துக்குக் கொண்டுபோவதும் அதுதான். விமான நிலையத்தில் ஒரு சாண்ட்விச் வாங்க அரை மணி நேரம் பறக்க வேண்டிய ஒருவனுக்கு, அந்தப் பெட்டிதான் சமையலறை.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றாள் கேப்டன். "அப்போ பத்து பவுண்டு மிச்சம். நீ வரலாம்."

"பேஸ்டி?"

பெவ் கவுண்டர்மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "கண்ணா, நான் பெட்டியைத்தான் எண்ணுவேன். ஆளை எண்ணுவேன். ஆளோட பாக்கெட்டை எண்ணச் சொல்லி எங்கயும் எழுதல."

லைல் குனிந்து பெட்டியைத் திறந்தான். அந்த ஓவர்கோட்டில் வெளியே இரண்டு பாக்கெட், உள்ளே இரண்டு. பாக்கெட்டுக்கு இரண்டாக எட்டும் போயின. சாக்ஸ் டிரவுசர் பையில். கழிவறைக்குப் போய் முதல் சட்டையின் மேலேயே இரண்டாவது சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அரை டிரவுசர்காரர் தன் மனைவியிடம், "பாத்தியா, பைலட்டுங்கன்னா தனி ஆகிருதிதான்" என்று சொன்னது காதில் விழுந்தது.

விமான வாசலில் கேப்டன் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கோட்டு நான்கு பக்கமும் புடைத்திருந்தது.

"என்னது இது?"

"குளிர்காலம், கேப்டன்."

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. "ஆளுக்கு அஞ்சு பவுண்டுதான் குளிர்காலம். உன்னுது எட்டு. மூணு பவுண்டுக்கு உன் எலும்புல கழிச்சுக்கறேன். ஏறு."

காரியம் முடிந்தது என்று நினைத்தான். கதவு சாத்தியதும் சிக்காகோவிலிருந்து செய்தி வந்தது: பனிமூட்டம், அங்கேயே நில்லுங்கள். ஓடுபாதை ஓரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். கதவு சாத்தியிருந்ததால் முன்னால் இருந்த இருவருக்கும் மணி ஓடியது. பின்னால் இருந்தவனுக்கு வியர்வை ஓடியது, இரண்டு சட்டையைத் தாண்டி. மேலே போன பிறகு சிக்காகோ பக்கத்தில் இன்னும் ஒரு அரை மணி நேரம் வட்டம். லைல் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினான். முன்னால் இருந்த துணை விமானி ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் சத்தமாக நேரத்தைச் சொல்லி அந்தப் பழக்கத்தைக் கெடுத்தான்.

சிக்காகோவில் இறங்கி விமானம் வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

"ஓடு" என்றாள் கேப்டன். "நன்றியெல்லாம் அப்புறம் சொல்லு."

ஆஜர் சொல்வதற்கு விமானிகள் ஓய்வறையின் மேஜைத் தொலைபேசியிலிருந்துதான் பேச வேண்டும். கைப்பேசி செல்லாது, படுக்கையிலிருந்து பேசிவிடுவார்களாம். லைல் ஓடினான். உறைந்த பேஸ்டிகள் விலாவில் இடித்தன. ஐம்பத்தேழுக்கு ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தினான். பணி ஒதுக்கீட்டு அலுவலகம் எடுக்கவில்லை. ஒரு பதிவுக் குரல் எடுத்தது. நார்த் லேக்ஸ் ஒரு குடும்பம், தயவுசெய்து காத்திருங்கள். இசை. மறுபடியும் நார்த் லேக்ஸ் ஒரு குடும்பம்.

உயிருள்ள குரல் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்று எட்டு.

"யொலாண்டா பேசறேன். பணியாளர் எண்?"

சொன்னான்.

"ஹக்கலா. உங்களுக்கு ஒரு மணி. இப்ப ஒண்ணு எட்டு."

"நான் அம்பத்தேழுக்கே கூப்பிட்டேங்க. லைன்ல காத்திருக்க வச்சிட்டாங்க."

"யாரு?"

"நீங்கதான்."

"என் திரையில நான் எடுத்த நேரம்தான் விழும். நீங்க கூப்பிட்டது விழாது." குரலில் கோபம் இல்லை. காலையிலிருந்து பனிமூட்டத்தோடு மல்லுக்கட்டின களைப்பு மட்டும் இருந்தது. "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, ஹக்கலா."

"அந்தக் குடும்பம் அறிவிப்பு ஏழு தரம் வந்துச்சுங்க. எண்ணிட்டிருந்தேன். 'காத்திருங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் குரலுக்குப் பின்னால ஒருத்தன் இருமறான். ஏழு தரமும் இருமினான்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அந்த இருமல் நாலு வருஷமா இருக்கு" என்றாள் யொலாண்டா. "எடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்தேன். புதுசா பதிவு பண்ணக் காசு இல்லையாம். மூணாவது தரத்துக்கு மேல யாரும் எண்ணினது கிடையாது, அதுக்குள்ள வச்சிட்டுத் திட்டிக்கிட்டே மறுபடி கூப்பிடுவாங்க. ஒரு தரத்துக்கு ஒண்ணரை நிமிஷம். ஏழுன்னா..."

"பத்தரை."

"எனக்கும் கணக்கு வரும்." மறுபடியும் தட்டச்சுச் சத்தம். "பன்னெண்டு அம்பத்தேழு. ஃபோன் கோளாறுன்னு காரணம் போட்டிருக்கேன். எங்க மேனேஜர் கேட்டா நீங்க இருமிக் காட்டணும்."

"காட்டறேங்க."

"இன்னிக்கு எல்லாம் ரத்து. உங்களுக்கு வேலையே இல்ல. ஆனா எட்டு மணி வரைக்கும் அங்கயே இருக்கணும்."

லைல் ஃபோனை வைத்துவிட்டு ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். கோட்டோடு உட்கார முடியவில்லை, எழுந்து பாக்கெட்டுகளை மேஜையில் காலி செய்தான். பிறகு கைப்பேசியை எடுத்து ரெனேயைக் கூப்பிட்டான். அங்கே பல் குடையும் சத்தம் கேட்டது.

"போய்ச் சேந்தியா?"

"சேந்துட்டேன். புள்ளி விழல."

"பறக்கறியா?"

"இல்ல. எல்லாம் ரத்து. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"அப்போ சும்மா உக்கார்றதுக்கா இவ்வளவும்?" பல் குடையும் சத்தம் நின்றது. யாரோ வாய் கொப்பளித்தார்கள். "இன்னும் எத்தனை நாளு?"

"பதினெட்டு."

"அப்புறம் என்ன ஆகும்?"

லைல் யோசித்தான். அவளிடம் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"மணிக்கு மூணு டாலர் ஏறும். அப்புறம், என்னை வேலைய விட்டு அனுப்பணும்னா காரணம் சொல்லி அனுப்பணும்."

"நல்லதுதான்" என்றாள் ரெனே. "கொண்டாடலாம். நீ சாப்பிடு முதல்ல. அப்புறம் அந்த ரெண்டாவது சட்டையக் கழட்டிக் காயப் போடு, பெவ் ஃபோன் பண்ணி எல்லாம் சொன்னா. நாலு நாளைக்கு மாத்திக்க அது ஒண்ணுதான் இருக்கு உனக்கு."

அவன் சட்டையைக் கழற்றி, பட்டைகளைப் பத்திரமாக எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, ரேடியேட்டர்மேல் விரித்துப் போட்டான். பக்கத்திலேயே ஒரு பேஸ்டியையும் வைத்தான், உருகட்டும் என்று. ஓய்வறைக்குள் வந்த இன்னொரு புதுத் துணை விமானி அந்தப் பேஸ்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். லைல் இன்னொன்றை எடுத்து ரேடியேட்டர்மேல் வைத்தான்.